கரும்பு டிரெய்லர் பட்டை

மாதன் தன் பிக்கப் வண்டியை உயரம் தூக்கிய பிறகு, நெல்லிக்குழியில் அதில் ஏறி கரியாலூரில் இறங்கியவர்கள் யாரும் ஏறின ஆளாக இறங்கியதில்லை. தயிர்ப்பானையோடு ஏறியவள் வெண்ணெயோடு இறங்கினாள். இடது பக்கம் பல்வலி என்று ஏறிய கிழவருக்கு வலி வலது பக்கத்துக்கு மாறியிருந்தது. ஒரு கோழி பயத்தில் மூன்று முட்டையை ஒரே மூச்சில் போட்டு, மூன்றும் உடைந்து, அங்கேயே நன்றாகக் கிளறப்பட்டு, உப்பு மட்டும்தான் போட வேண்டியிருந்தது என்று சொல்லுவார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கோழியைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அது சைக்கிளைக் கண்டாலும் வேலிக்குள் புகுந்துகொள்ளும்.

மாதன் ஆசைக்காகத் தூக்கவில்லை. கரியாலூரில் தார் ரோட்டை விட்டுப் பிரிந்து நெல்லிக்குழிக்கு ஒன்பது கிலோமீட்டர். அதைப் பாதை என்று சொல்கிறது அரசாங்கத்துக் காகிதம் மட்டும்தான். ஐப்பசி மழையில் மண்ணெல்லாம் கழுவிக்கொண்டு கோமுகி அணைக்குப் போய்விடும். பாறைகள் மட்டும் கோரைப்பல் மாதிரி நின்றுகொண்டிருக்கும். மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு பாறையும் வண்டியின் அடிவயிற்றைச் சுரண்டி நலம் விசாரிக்கும். ஒரு நாள் அடியில் இருந்த ஆயில் தொட்டி பிளந்து, இஞ்சின் ஆயில் மொத்தமும் பாதை நெடுகக் கோலம் போட்டது. அன்றைக்குத்தான் மாதன் வண்டியை உயர்த்துவது என்று முடிவுகட்டி, கள்ளக்குறிச்சியில் கண்ணாயிரத்தின் பட்டறைக்கு வந்தான்.

கண்ணாயிரம் கைசுத்தமான மெக்கானிக். உடம்பு நூற்றுப் பத்து கிலோ. அவர் வண்டிக்கடியில் புகுந்து மூச்சை இழுத்தால் ஜாக்கி தேவையில்லை, வண்டி தானாக எழும்பும். அச்சுக்கும், வண்டியைத் தாங்குகிற கமான் பட்டைக்கும் நடுவில் நாலு விரல் உயரத்துக்கு இரும்புக் கட்டை வைத்தார். பெரிய டயர் மாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர் டிரெய்லர் ஒன்று பட்டறை ஓரத்தில் உடைசலாகக் கிடந்தது. அதன் கமான் பட்டைகளில் இரண்டை உருவி, பிக்கப்பின் பட்டைகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். பத்து டன் கரும்பைத் தாங்கின பட்டை. பிக்கப்போ ஒன்றரை டன்னுக்கே முனகுகிற வண்டி. கன்றுக்குட்டிக்கு யானைக் காலை வைத்துத் தைத்த மாதிரி ஆயிற்று. மேலே மலையும் கீழே கரும்பும் இருக்கிற ஊரில்தான் ஒரு மெக்கானிக்குக்கு இந்த யோசனை வரும்.

வண்டி நின்றால் அவ்வளவு கம்பீரம். ஓடினால்தான் சங்கடம்.

மார்கழியில், சாமைக் கதிர் அடித்து முடித்த மறுநாள், மாதனின் மனைவி பெருமாயி முதுகெலும்பு உடைந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வந்து படுத்தாள். "களத்துல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள். பாறைக்களம் பனியில் வழுக்கும்தான். ஆஸ்பத்திரியில் எல்லாரும் நம்பினார்கள்.

ஒரு மாதமாக அசையாமல் மல்லாந்து கிடந்தாள். தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறியைத் தவிர எதையும் பார்க்க முடியாது. ஆனாலும் அந்த வார்டில் இருந்த பதினாறு பேரின் குடும்பக் கதையும் அவளுக்கு அத்துபடி. செருப்புச் சத்தத்தை வைத்தே இன்னார் மாமியார் வருகிறாள் என்று சொல்லிவிடுவாள். சோறுதான் இறங்கவில்லை. மாதனின் தங்கச்சி மூக்காயி பக்கத்திலேயே இருந்து ஊட்டுவாள். இரண்டு வாய்க்கு மேல் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

"யோவ், புதுச் சாமை இன்னா ஆச்சி?" என்று மாதனைக் கேட்டாள் ஒரு நாள் காலையில்.

"குதிர்ல கொட்டி வெச்சிருக்குது."

"எவனாச்சும் துன்னீங்களா?"

"நீ ஒல வெக்காம எப்டி துன்றது?"

நெல்லிக்குழியில் அது வழக்கம். புதுச் சாமையில் முதல் கை அள்ளி உலையில் போடுவது அந்த வீட்டுக்காரிதான். அவள் போடாமல் அந்த வீட்டில் யாரும் புதுசு தொட மாட்டார்கள்.

"அப்ப இன்னா துன்னுகினு கீறீங்க?"

"ரேசன் அரிசி."

"எலிங்க?"

"எலிங்க புதுச் சாமைதான் துன்னுது."

"அதுங்களுக்கு மட்டும் எவ பொங்கி வெச்சாளாம்?"

மூக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெருமாயிக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் முதுகு பிடித்துக்கொள்ள, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாதன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்தார். ஏட்டைப் புரட்டினார். காலைக் கிள்ளிப் பார்த்தார்.

"எலும்பு ஒட்டிட்டு வருது. ஆனா இங்க இருந்தா இவங்க சாப்பிட மாட்டேங்கறாங்க. எட்டு கிலோ இறங்கியிருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நேரா படுத்தபடியே போகணும், இன்னும் ஆறு வாரம் படுத்தபடியே இருக்கணும். வழியில குலுங்கவே கூடாது. குலுங்கி ஒட்டின இடம் விட்டுச்சுன்னா அப்புறம் காலு வராது, சொல்லிட்டேன்."

"ஆம்புலன்சு கரியாலூர் வரிக்கும்தாங்க வரும்" என்றான் மாதன்.

"அதுக்கு மேல?"

மூக்காயி முன்னால் வந்தாள். "டோலி கட்டித் தூக்கினு போறோம்னு ஊர்ல எட்டு பேரு சொல்லிக்கிறாங்க டாக்டரம்மா."

"டோலியா?" என்றது கட்டில். "மலய வுட்டு எறங்குற டோலில நோவுக்காரங்க வருவாங்க. மலைக்கி ஏறுற டோலில இன்னா வரும்னு டாக்டரம்மாவுக்குச் சொல்லு மூக்காயி."

 நெல்லிக்குழிக்கு இதுவரை மேலே ஏறின டோலி எல்லாம், ஆஸ்பத்திரியில் உயிர் போனவர்களைக் கொண்டுவந்த டோலிதான்.

"எங் வூட்டுக்கு நான் எங் வண்டிலதான் வருவேன். இல்லன்னா இங்கியே இந்தக் காத்தாடியப் பாத்துகினு கெடக்கறேன்."

மாதன் ஜன்னலை விட்டுத் திரும்பினான். "டாக்டரம்மா, அந்த வண்டிலதாங்க..."

"யோவ், வாய மூடு."

"அவ களத்துல வுழலீங்க. எங் வண்டிலதான் ஒடிஞ்சிது. கெழங்கு போட்டுட்டு வெறும் வண்டியா திரும்பி வந்தோம். முன்னால ரெண்டு பேரு குந்திகினு இருந்தாங்க, இவ பின்னால ஏறிக்கினா. ஆனப்பாறை வளைவுல தூக்கிப் போட்டுட்டுது. கேபின் தகரத்தத் தட்டுனாளாம். நான் பாட்டுப் போட்டுகினு வந்தேங்க. கேக்கல. வூட்டாண்ட வந்துதான் பாத்தேன்."

வார்டில் பதினாறு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். இது இத்தனை நாளும் தமக்குத் தெரியாமல் போயிற்றே என்கிற வருத்தம் அவர்களுக்கு.

டாக்டரம்மா கட்டிலைப் பார்த்தார். "ஏம்மா எங்கிட்ட பொய் சொன்னீங்க?"

"நெசத்தச் சொல்லியிருந்தா எலும்பு சீக்கிரம் ஒட்டியிருக்குங்களா?"

டாக்டரம்மா ஏட்டில் களம் என்பதை அடித்துவிட்டு வண்டி என்று எழுதினார். ஏட்டை மூடினார். "பத்து நாள் தரேன். அந்த வண்டிய சரி பண்ணுங்க. சரியாயிடுச்சுன்னு நீங்க வந்து சொன்னா நான் நம்ப மாட்டேன். வேற யாராவது அதுல படுத்துப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை பெருமாயி காதைக் கொடுத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு மாசமா கட்டிக் காப்பாத்துன பொய்யி. ஒரு நிமிசத்துல ஒடச்சிப்புட்டியே."

"எத்தினி நாளுக்குத்தான் மென்னுகினு இருக்கறது?"

"நாலு பேரு உன்னப் பேசுவாங்கய்யா."

"பேசட்டும்."

"பேசட்டும், சரி. பேசுனா எழுந்து போயி சண்ட போடக்கூட முடியாம கெடக்கறனே. அதான் எனக்குக் கவல."

மாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பதினாறு பேரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது.

பட்டறையில் கண்ணாயிரம் ஒரு டெம்போவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கால் மட்டும் தெரிந்தது. மாதன் அந்தக் கால்களிடம்தான் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது. கண்ணாயிரம் உருண்டு வெளியே வந்தார். கந்தல் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பத்து விரல் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் போட்ட பட்டை" என்றார்.

"நான் கேட்டுத்தானண்ணே போட்ட."

"நீ ஒசரம்தான் கேட்ட. கரும்பு டிரெய்லர் பட்டைய நீ கேட்டியா? நானாத்தான் சேத்தேன். கெட்டியா இருக்கட்டும்னு சேத்தேன்." துணியை வீசினார். "படுத்துப் பாக்கறதுக்கு ஆளு தேடினு போவாத. நான் படுக்கறேன்."

"மொதல்ல பட்டையக் கழட்டிட்டு..."

"இல்ல. இருக்கிறபடியே படுக்கறேன். இன்னா செஞ்சி வெச்சிருக்கறேன்னு எனக்குத் தெரிய வாணாமா?"

மறுநாள் கரியாலூரில் கண்ணாயிரத்தைப் பலகை மேல் மல்லாக்கப் படுக்கவைத்து மாதன் வண்டியை எடுத்தான். ஒன்பது கிலோமீட்டரில் கண்ணாயிரம் வண்டியில் இருந்தது மூன்று கிலோமீட்டர். மிச்சம் ஆறும் ஆகாயத்தில். ஒரு தடவை மேலே போனவர் இறங்கி வருவதற்குள் வண்டி வளைவு திரும்பிவிட்டது என்றும், அவர் நல்ல காலமாகக் குறுக்கு வழியில் வந்து சேர்ந்துகொண்டார் என்றும் கரியாலூரில் இன்றைக்கும் சொல்வார்கள். குலதெய்வத்தில் ஆரம்பித்து வரிசையாகக் கூப்பிட்டார். தெய்வங்கள் எல்லாம் தீர்ந்துபோய், கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் தன் பட்டறைக்குக் கடன்சொல்லிப் போனவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு மன்னித்தார்.

நெல்லிக்குழியில் இறங்கி இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். ஊர்க்காரர்கள் கேழ்வரகுக் கூழும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டார். உட்கார இன்னும் மூன்று நாள் ஆகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மாதன், இந்த அடிய வாங்கினு அந்தப் பொம்பள ஒரு மாசமா களத்துல வுழுந்தேன்னு சொல்லிகினு இருந்துச்சா?"



அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டில் ஓரத்தில் நின்றார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார்.

"குந்துண்ணே" என்றாள் பெருமாயி.

"வாணாம்மா. குந்த முடியாது."

"ஓ. படுத்துகினு போனது நீதானா?" அவள் குரலில் ஒரு உற்சாகம் வந்தது. ஒரே கோயிலுக்கு நடந்து போய்த் திரும்பின இரண்டு பேர் சந்தித்த மாதிரி. "ஆனப்பாறைல எப்டி?"

"அய்யோ."

"ஏறும்போதா, எறங்கும்போதா?"

கண்ணாயிரம் யோசித்தார். "ஏறும்போது தூக்குச்சி. தூக்குனா தூக்கிட்டுப் போவட்டும். பின் சக்கரம் பள்ளத்துல எறங்கும்போதுதான்..."

"டங்குனு ஒரு அடி."

"டங்குனு!"

"பட்டை அடிக்கறாப்ல இருக்காது. எதுவோ இழுத்துப் புடிச்சி நிக்கறாப்ல ஒரு வெட்டு."

"ஆமாம்மா! வெட்டு!" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு திரும்பி நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். மூக்காயி பழத்தை உரித்துக்கொண்டே, "இந்தாளுக்கு இன்னா ஆச்சி?" என்றாள்.

ஆனது இதுதான். சக்கரம் ஏறி இறங்குவதை மட்டுப்படுத்துகிற சாக்கப்சர் என்று ஒன்று இருக்கிறது. குழாய்க்குள் குழாய் போய் வருகிற சாமான். வண்டியை நாலு விரல் உயர்த்தின கண்ணாயிரம், அதை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்.

"பாருடா மாதன்" என்று வண்டிக்கடியில் இருந்து கத்தினார். "கைய முழுசா நீட்டினு நிக்கறவன்கிட்ட போயி இன்னும் கொஞ்சம் நீட்டுன்னா இன்னா ஆவும்? தோளுதான் கழலும். வண்டி சும்மா நிக்கறப்பவே இது முழுசா நீண்டுகினு கெடக்குது. சக்கரம் பள்ளத்துல எறங்கறதுக்கு எடமே இல்ல. அதான் வெட்டுது. பட்டை பாதி குத்தம், இது பாதி. ரெண்டுமே நான்தான்."

"வுடுண்ணே."

"இன்னாத்த வுடறது? சேலத்துக்குப் போன் போடு."

சேலத்திலிருந்து நீளமான சாக்கப்சர் பஸ்ஸில் வந்தது. கரும்பு டிரெய்லர் பட்டை இரண்டையும் கழற்றி, திரும்ப எவன் கையிலும் கிடைக்கக்கூடாது என்று கண்ணாயிரம் நடுவில் அறுத்துப்போட்டார். உயரத்துக்கு இரும்புக் கட்டை போதும், பாறை தட்டாது. மிச்சமிருந்த பட்டைகளைப் பிரித்து, துரு சுரண்டி, நடுவில் கிரீஸ் தடவி, பட்டை நுனி வளையங்களில் புது ரப்பர் புஷ் அடித்தார். டயரில் காற்றைக் குறைத்தார். மறுபடியும் படுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை இரண்டு சாமியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"மெத்தைதான்" என்று வந்து பெருமாயியிடம் சொன்னார். "ஆனா மெத்தைக்கடியில எவனோ படுத்துகினு பெரண்டு பெரண்டு படுக்கறாப்ல இருக்குது. வெறும் வண்டி இல்லியா. எட கொஞ்சம் அழுத்துனா அடங்கிடும். மணலு ஏத்திக்கலாம்னு பாக்கறேன்."

"மணலா? மலைக்கி எவனாச்சும் மணல ஏத்தினு வருவானா? போற வண்டி சும்மா போவுமா? மூக்காயி, எழுதிக்க. தவுடு பத்து மூட்ட. அது அடியில கெடந்தா பலகைக்கும் மெத்துனு இருக்கும். உப்பு நாலு மூட்ட, ஊருக்கே பத்தாம கெடக்குது. கடலப் புண்ணாக்கு மூணு."

"நோவுக்காரியா நீ, மளிகக் கடக்காரியா?" என்றான் மாதன்.

"ரெண்டும்தான். சோத்த ஊட்டு மூக்காயி, பசிக்குது."

அன்றைக்கு அவள் முழுத்தட்டும் சாப்பிட்டாள். தட்டையும் சாப்பிட்டிருப்பாள், எவர்சில்வர் என்பதால் விட்டுவிட்டாள்.

மூட்டைகளோடு கண்ணாயிரம் மூன்றாம் தடவையாகப் படுத்துப் போய், டாக்டரம்மாவிடம் வந்து, "என்னப் பெத்த தாயி இடுப்புல வெச்சினு போனப்பகூட இப்டி இல்லீங்க" என்று சத்தியம் செய்தார். டாக்டரம்மா முதுகுக்குப் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதக் கடைசி. ஆம்புலன்ஸ் கரியாலூரில் இறக்கிவிட்டது. பனி விலகப் பத்து மணி ஆயிற்று. தவிட்டு மூட்டை மேல் பலகை, பலகை மேல் இலவம்பஞ்சு மெத்தை, மெத்தை மேல் பெருமாயி. பக்கத்தில் உப்பு மூட்டையில் சாய்ந்துகொண்டு மூக்காயி. முன்னால் மாதனும் கண்ணாயிரமும்.

மாதன் ஓட்டின வேகத்துக்கு, கரியாலூரில் புறப்பட்ட ஓணான் ஒன்று வண்டியை முந்திக்கொண்டு போய் நெல்லிக்குழியில் சேதி சொல்லியிருக்கும். பாட்டுப் பெட்டியை ஒயரோடு பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டான். இருபது அடிக்கு ஒருதரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான்.

"ஏ பெருமாயி!"

"கீறேன்யா."

"நோவுதா?"

"நீ கூப்புடறதுதான் நோவுது. முன்னால பாத்து ஓட்டு."

கடுக்காய் மரங்கள் போயின. ஓடை போயிற்று. ஆனைப்பாறை வளைவு வந்தது.  முன் சக்கரத்தை ஏற்றினான். இறக்கினான். பின் சக்கரம் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் விட்டான். அடி இல்லை, வெட்டு இல்லை. மாடு படுக்கிற மாதிரி வண்டி மெல்ல அமர்ந்து எழுந்தது.

"ஏ பெருமாயி!"

பதில் இல்லை.

"பெருமாயி! அடியே!"

இல்லை. மூக்காயியும் வாய் திறக்கவில்லை. மாதன் பிரேக்கை மிதித்து இஞ்சினை அணைத்தான். கதவைத் திறந்தான். ஆனால் இறங்கவில்லை. "அண்ணே, நீ போயிப் பாரு. எனக்கு..." என்றான்.

கண்ணாயிரம் இறங்கிப் பின்னால் போனார்.  மாதன் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கண்ணாயிரம் திரும்பி வந்து, அவன் தோளைத் தொட்டு, வா என்று சைகை காட்டினார்.

பெருமாயி வாயைத் திறந்துகொண்டு பூனை மாதிரி சன்னமாகக் குறட்டை விட்டாள். ஒரு மாதமாக ஆஸ்பத்திரித் தரையில் தூங்காத மூக்காயி, உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு எதிர்க் குறட்டை விட்டாள்.

மாதன் வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"எடு, போலாம்" என்று கிசுகிசுத்தார் கண்ணாயிரம்.

"வாணாம்ண்ணே. வண்டியக் கிளப்புனா முழிச்சிக்குவா."

இலை இடுக்கு வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது. மாதன் சக்கரத்தின் மேல் ஏறி நின்று, தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். விறகுச் சுமையோடு வந்த பெண்கள் சுமையை இறக்காமலே நின்றார்கள். மலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ராஜாங்கம் ஜீப்போடு பின்னால் வந்து ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனார். கண்ணாயிரம் ஓடினார். நூற்றுப் பத்து கிலோ ஓடுவதை அந்த மலை முதல் தடவையாகப் பார்த்தது. ராஜாங்கத்தின் கையை ஹாரனுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துவிட்டார். ஜீப்பில் வந்தவர்களும் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். வெயில் நகர நகர மாதன் துண்டை நகர்த்தினான்.

உச்சிப் பொழுது சாய்ந்த பிறகு பெருமாயி கண் திறந்தாள். தலைக்கு மேல் மின்விசிறிக்குப் பதிலாக ஒரு துண்டு. துண்டுக்கு மேல் மாதன்.

"வூடு வந்துட்டுதா?"

"இல்ல. ஆனப்பாறை."

அவள் முகம் மாறியது. "எப்ப ஏறப்போற?"

"ஏறி எறங்கியாச்சி."

"எனக்குத் தெரியலியே" என்றாள். கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. இன்னொரு தரம் அசைத்தாள். "எம்மாம் நேரமா நிக்கற?"

"இப்பதான் நிறுத்துனேன்."

பின்னால் நின்ற பதினெட்டுப் பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"இப்பதான் நிறுத்துனவனுக்கு கை ஏன்யா இப்டி நடுங்குது?" என்றாள் பெருமாயி. "துண்ட எங் மூஞ்சி மேலியே போட்டுட்டு நீ போயி வண்டிய எடு."